அரண்மனைக் கல்லறையில் இல்லாத ராஜா

துனிஸில் வேலை முடிந்தபோது விமானத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. கூட வந்தவர்கள் கடலில் குளிக்கப் போனார்கள். எனக்கு ஒரு கபரை, ஒருவரை அடக்கம் செய்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது.

நான் சிமெண்ட் ஆலைச் சூளைக்குள் கல் அடுக்குகிறவன். சூளை என்பது படுக்கவைத்த ராட்சத இரும்புக் குழாய். உள்ளே நெருப்பு படுகிற பக்கமெல்லாம் பயர் பிரிக் பதித்திருக்கும். ஆலையை நிறுத்துகிற நாட்களில் தேய்ந்த கல்லை உடைத்தெடுத்துவிட்டுப் புதுக் கல்லை வளையம் வளையமாக அடுக்க வேண்டும். இரும்பு முழுசாக ஆறும்வரை யாரும் நம்மைக் காத்திருக்க விடுவதில்லை. பூட்ஸ் அடி இளகும். பழகிவிட்டால் அது பெரிய விஷயமில்லை. ஆண்டிமடத்தில் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அரியலூர் ஆலை ஒன்றில் கல் சுமக்கப் போனேன். அங்கிருந்து ஓமன், எத்தியோப்பியா என்று கால் ஓடிக்கொண்டே இருக்கிறது. எந்த நாட்டுச் சூளைக்குள் தலையை நீட்டினாலும் ஓர் அரியலூர்க்காரன் சுத்தியலோடு உட்கார்ந்திருப்பான்.

எங்கள் கேங்குக்குச் சமைத்தவர் சாதிக். பெரம்பலூர் மாவட்டம் லப்பைக்குடிக்காடு. எங்கே போனாலும் முதல் வேலையாகக் கழித்துப் போட்ட பயர் பிரிக்கைப் பொறுக்கி அடுப்புக் கட்டுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் துனிஸ் பக்கம் ஓர் ஆலை வேலைக்கு வந்த இடத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டார். நான் அப்போது ஓமனில் இருந்தேன். உடல் ஊருக்கு வரவில்லை. ஒரு போனும், அரபியில் ஒரு தாளும்தான் வந்தன. அந்தத் தாளில் சாதிக் என்ற பெயரே இல்லை. அப்துல் ரஹ்மான் என்று இருந்தது. அது அவருடைய அத்தாவின், அதாவது அப்பாவின் பெயர்.

எனக்கு அதில் ஆச்சரியமில்லை. நம் இனிஷியலை பாஸ்போர்ட்டில் விரித்து எழுதினால் வெளிநாட்டுக்காரன் அதைத்தான் பெயர் என்று பிடித்துக்கொள்வான். என்னையும் எல்லா நாட்டிலும் என் அப்பா பெயரைச் சொல்லி முத்துசாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் சாதிக்கின் மனைவி மும்தாஜ் ஒப்புக்கொள்ளவில்லை. துனிஸுக்குக் கிளம்புமுன் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன்.

"என் மாமனாரு தோ கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. அவரு பேருல வந்த தாள வச்சிக்கிட்டு நான் யாருக்குண்ணே இத்தா இருக்கிறது?" என்றார்.

கணவன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் மனைவி வெளியே வராமல், அந்நிய ஆண்களுக்கு முகம் காட்டாமல் இருப்பதுதான் இத்தா. மும்தாஜ் இருக்கவில்லை. அதற்கு ஊர் ஒரு பேச்சுப் பேசியது. சாதிக் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டு ஆளைவிட்டுப் பொய்ச் செய்தி அனுப்பிவிட்டார் என்று இன்னொரு பேச்சும் ஓடியது. இரண்டையும் கேட்டுக்கொண்டு மூன்று வருஷமாக அந்த அம்மாள் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வந்துகொண்டிருந்தார்.

"செத்தாருன்னா கபரக் காட்டுங்க. உசுரோட இருக்காருன்னா ஆளக் காட்டுங்க. ரெண்டுல ஒண்ணு கொண்டாங்கண்ணே."

வெள்ளாற்றுக் காற்றுக்கு வாசல்கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பயர் பிரிக்கை முட்டுக் கொடுத்திருந்தார்கள். என் தொழில் கல் என்பதால் கண்ணில் பட்டது. "அவரு கொண்டாந்ததுதான். ஏர்போர்ட்லேருந்து ஊரே டிவி தூக்கிட்டு வந்துச்சு, இவரு கல்லத் தூக்கிட்டு வந்தாரு. ஒரு வாரம் பேசல நான்" என்றார்.

சாதிக்கை அடக்கம் செய்தபோது இருந்த மேஸ்திரி பூலாம்பாடி கோவிந்தன். அவருக்குப் போன் செய்தேன். "ராஜா கபருக்குக் கிட்டக்கத்தான்டா வச்சோம். எடத்துப் பேரெல்லாம் எனக்கு வாயில நொழையல. ராஜான்னு கேட்டா யாரும் காட்டுவாங்க" என்றார்.

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் முதல் நாள் காலையில் கிளம்பினேன்.

தெருமுனைக் கடையில் லப்லாபி என்று ஒன்று தந்தார்கள். காய்ந்த ரொட்டியை நாமே கிண்ணத்தில் பிய்த்துப் போட வேண்டும். அதன்மேல் கொதிக்கும் கொண்டைக்கடலைச் சாற்றை ஊற்றி, சீரகம், முட்டை, ஹரீஸா என்ற சிவப்பு மிளகாய் விழுது எல்லாம் போட்டுக் கிளறித் தருகிறார்கள். நம் ஊர் மிளகாய்த் துவையலுக்கு அந்த விழுது தம்பி. கடைக்காரர் ஒரு கரண்டி போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இன்னொரு கரண்டி கேட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது.

ஊருக்கு நடுவே ஓடும் டிராமில் எதிர்த்திசையில் ஏறி அரை மணி நேரம் போனபின்தான் தெரிந்தது. ரயிலே இல்லாத பெரம்பலூரில் பஸ் ஏறிப் பழகியவன். நம் கண்டக்டர் ஏறும்போதே "எங்க?" என்று கேட்டு இறக்கிவிடுவார். டிராம் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

பழைய நகரத்தின் சந்துகளுக்குள் ராஜாக்களின் கல்லறை மாளிகை இருக்கிறது. பச்சை ஓட்டுக் கும்மட்டங்கள், உள்ளே சலவைக்கல். அந்த நாட்டு ராஜாவை பே என்பார்கள், நம் ஊர்ப் பேய் இல்லை. ஒவ்வொரு பேயின் தலைமாட்டிலும் கல்லில் செதுக்கிய தலைப்பாகை. கங்கைகொண்டசோழபுரம் கோயிலை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவன் நான். ராஜா என்றால் உயரமாகத்தான் இருப்பார் என்று நினைத்து இங்கே வந்துவிட்டேன்.

வாசலில் காவலுக்கு இருந்த நடுவயது அம்மாளிடம், வளைகுடாவில் பொறுக்கிய அரபியில் விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் அரபி வேறு மாதிரி. பாதி கையாலும் மீதி செல்போனாலும் பேசினோம். அங்கே கேட்டவற்றை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். வேறு பேச்சு எனக்கு வராது.

"எந்த ராஜா? இங்க படுத்திருக்கிற எல்லாரும் ராஜாதான்."

"எங்காளு ஒருத்தரு. சமையல்காரரு. ராஜாவுக்குப் பக்கத்துல வச்சிருக்காங்களாம்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "இவங்க பக்கத்துல சமையல்காரர வைக்க விடுவாங்களா? உயிரோட இருந்தப்பவே கிட்ட வர விடமாட்டாங்க." பிறகு சிரிப்பு நின்றது. "இருங்க. சனங்களோட படுத்திருக்கிற ராஜா ஒருத்தரு உண்டு. அவரு இங்க இல்ல."

அப்படித்தான் அந்த மனிதரைப் பற்றி முதலில் கேள்விப்பட்டேன்.

இரண்டாம் உலகப் போருக்கு நடுவில், வயதான காலத்தில், அவருக்குப் பட்டம் கிடைத்தது. பெயருக்குத்தான் ராஜா, அதிகாரம் பிரெஞ்சுக்காரர்கள் கையில். முன்னால் வந்து நிற்கிறவன் பேயின் கையை முத்தமிட வேண்டும் என்பது அரண்மனை வழக்கம். அவர் அதை நிறுத்தினார். என் ஜனங்கள் என் கையை முத்தமிட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். பிரெஞ்சுக்காரர்களிடம் கேட்காமல் மந்திரிகளைத் தானே நியமித்தார். ஒரு வருஷம் முடிவதற்குள் அவரை இறக்கி நாடு கடத்திவிட்டார்கள்.

"நான் இங்க இவங்களக் காவல் காக்கிறேன். ஆனா வர்றவங்க அவரத்தான் கேக்குறாங்க" என்றார் அந்த அம்மாள். ஜெல்லாஸ் என்று கல்லறைத் தோட்டத்தின் பெயரைத் தாளில் எழுதித் தந்தார்.

என் அப்பா பண்ணை வேலைக்குப் போனவர். பண்ணை வீட்டு வாசலில் தோளில் கிடக்கும் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். வேண்டாம், தோளிலேயே கிடக்கட்டும் என்று எந்தப் பண்ணையாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று முழுவதும் அந்தக் கை முத்த விஷயமே மண்டைக்குள் சுற்றியது. மேலே இருக்கிறவனே அதை வேண்டாம் என்று சொல்ல முடியும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

இரண்டாம் நாள் மழை. ஜெல்லாஸுக்குக் கூட்டிப்போக ஹெதி என்ற டாக்சிக்காரர் வந்தார். வழியில் ஒரு மேட்டில் வண்டி நின்றுவிட்டது. "இது வருத்தப்பட்டா நின்னுடும், திட்டினா ஓடும்" என்று சொல்லி இறங்கி வண்டியைத் திட்டினார். ஓடவில்லை. இருவரும் தள்ளினோம். பாதி தூரம் தள்ளியபின் மெக்கானிக் கடையில் உட்கார்ந்து, பைன் விதைகள் மிதக்கும் புதினா டீ குடித்தோம். அங்கேதான் மீதிக் கதை.

"ஜெர்மன்காரன் விமானத்துல வந்து எறங்கினான். அப்புறம் அவன வெரட்ட இங்கிலீஷ்காரன், அமெரிக்காக்காரன். கூடவே பிரெஞ்சுக்காரனும் திரும்பி வந்தான். நடுவுல மாட்டினது நாங்க. பே எங்கயும் ஓடல. இங்கயே இருந்தாரு. முஸ்லிமோ யூதனோ எல்லாம் எம் புள்ளைங்கன்னு சொன்னவரு. சண்டை முடிஞ்சதும் பிரெஞ்சுக்காரன் வந்து, நீ ஜெர்மன்காரனுக்கு ஆளுன்னான். விமானத்துல தூக்கிப்போட்டு பாலைவனத்துல கொண்டு எறக்கிட்டான். அங்க வச்சி, பட்டம் வேணாம்னு கையெழுத்து வாங்கிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பிரான்ஸ்ல ஒரு ஊர்ல கொண்டு வச்சான். அங்கயே செத்தாரு. பொணமா வந்தாரு. எங்க தாத்தா ரோட்டுல நின்னு பாத்தவரு. அவ்ளோ கூட்டத்த அவரு அப்புறம் பாக்கவே இல்லன்னு சொல்லுவாரு. சனங்களோட புதைங்கன்னு அவரே சொல்லி வச்சாராம்."

"அப்போ அவரு என்னதான் சாதிச்சாரு?" என்று கேட்டேன். குறை சொல்லக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

ஹெதி டீயை வைத்தார். "ஒண்ணும் இல்ல. தோத்துட்டாரு. ஆனா முழுசா ஆண்டவங்க பேரு ஒண்ணு கூட எனக்குத் தெரியாது."

ராஜாவே ஆனாலும் வெளிநாட்டில் சாவதுதான் எழுதியிருக்கிறது என்றால் சாதிக் எம்மாத்திரம் என்று தோன்றியது. ஆனால் ராஜாவைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

ஜெல்லாஸுக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம். ஒரு குன்று முழுவதும் கபர்கள். கீழிருந்து உச்சிவரை, பருத்திக்காடு வெடித்ததுபோல வெள்ளை வெள்ளையாக. பேயின் கபரை ஹெதி காட்டினார். ஆடம்பரம் இல்லை. நாலா பக்கமும் சாதாரண ஜனங்கள் நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றினேன். ஹெதி சிரித்தார்: "போட்டுக்கய்யா, சேறு. அவரே கைய முத்தம் வேணாம்னவரு, நீ கால நனைக்கிற."

பக்கத்துக் கபர்களில் அப்துல் ரஹ்மானைத் தேடினோம். எனக்கு அரபி எழுத்து தெரியாது, ஹெதி படித்துக்கொண்டே வந்தார். நான்கு அப்துல் ரஹ்மான்கள் அகப்பட்டார்கள். நான்கு பேரும் உள்ளூர்க்காரர்கள். இருட்டுகிறது, கதவைச் சாத்த வேண்டும் என்று காவலாளி விரட்டினார். அறைக்கு வந்து படுத்தேன். மும்தாஜிடம் இல்லை என்று சொல்வதா, தெரியவில்லை என்று சொல்வதா என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

மூன்றாம் நாள் ஹெதியோடு மறுபடி அங்கே போனபோது வெயில் அடித்தது. அந்த வெயிலில்தான் நிறம் தெரிந்தது. பேயின் கபரிலிருந்து இருபதடி கீழே, வெள்ளைகளுக்கு நடுவில் மஞ்சள் கலந்த பழுப்பாக ஒரு கோடு.

கிட்டே போவதற்கு முன்பே என்ன கல் என்று தெரிந்துவிட்டது. சூளைக் கல் ஒரு முனை அகலமாக, மறுமுனை ஒடுங்கியிருக்கும். ஒரே பக்கமாக அடுக்கிக்கொண்டு போனால் வரிசை தானாக வளையும். அதற்காகவே செய்த கல். அதை நேராக ஓடவைக்க வேண்டுமானால் ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். வீடு கட்டுகிற கொத்தனாருக்கு அது தோன்றாது. இங்கே கபரைச் சுற்றி நான்கு பக்கமும் நூல் பிடித்ததுபோல மாற்றி மாற்றி வைத்திருந்தது. அது கோவிந்தன் கை.

ஒரு கல் மழையில் சரிந்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். உள்பக்கம் கரி. சூளைக்குள் கரி இப்படிப் படியாது. விறகு எரித்து, பாத்திரம் வைத்து, எண்ணெய் வழிந்து ஏறிய கரி அது. சாதிக்கின் அடுப்பையே பிரித்துக்கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள்.

கபர்மேல் பதித்திருந்த பலகைக் கல்லை ஹெதி படித்தார். "அப்துல் ரஹ்மான். இந்தியாக்காரரு. அவ்ளோதான் போட்டிருக்கு."

குடத்தோடு ஒரு வயதான பெண் மேலே ஏறி வந்தார். அங்கே பலகைக் கல்லில் சின்னக் குழி வைத்திருக்கிறார்கள். பறவை குடிக்க அதில் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். தண்ணீர் ஊற்றுவதே அவர் வேலை, பெயர் ஜமீலா. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்தக் கல்லு உங்க ஆளுங்க வேலையா?" என்று கேட்டார்.

"ஆமா. எங்க கேங்குதான்."

"உங்க ஆளுங்களுக்கு விவரம் பத்தாது. நெருப்புல சுட்டதக் கபருக்கு வைக்கக் கூடாது. யாரும் சொல்லலயா?"

யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அடக்கத்துக்கு நின்ற எங்கள் ஆட்கள் எட்டுப் பேரில் ஒருவர்கூட முஸ்லிம் இல்லை. தங்களுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

"எடுத்துப் போடணும்னு ரெண்டு பேரு வந்தாங்க. நான்தான் வேணாம்னேன்" என்றார் ஜமீலா. குடத்தைச் சாய்த்துக் குழியில் ஊற்றினார். "மேல படுத்திருக்காரே, அவரு எங் கையத் தொட்டு முத்தம் குடுக்காதீங்கன்னவரு. தனக்குன்னு எதுவும் கேக்காதவரு. அவரப் பக்கத்துல வச்சிக்கிட்டு ஒரு ஏழைக்குக் கூட்டாளிங்க வச்ச கல்லப் புடுங்கச் சொன்னா நல்லாவா இருக்கும்? அப்டின்னேன். போயிட்டாங்க."

சரிந்த கல்லை அதன் இடத்தில் வைத்து, உள்ளங்கையால் அடித்து இறக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. பேயின் கபரிலிருந்து தொடங்கி இங்கே வரை நடந்துகொண்டே வீடியோ எடுத்தேன். கோவிந்தனுக்குப் போன் போட்டபோது, "அடுப்புக் கல்லத்தான்டா எடுத்துட்டுப் போனோம். வெறும் மண்ணா விட்டுட்டு வர மனசு வரல" என்று சொல்லிவிட்டு அழுதார். சுட்ட கல் விவரத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

திருச்சியில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே பெரம்பலூர் பஸ், அங்கிருந்து திட்டக்குடி பஸ். சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து லப்பைக்குடிக்காட்டில் இறங்கும்போது மதியம். கதவு திறந்து கிடந்தது. கல் அதன் இடத்தில் இருந்தது.

மும்தாஜ் சலாம் சொன்னார். போனைக் கொடுத்தேன். அவருடைய மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். ஓதத் தெரிந்தவர் என்பதால் பலகைக் கல் வந்ததும் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"எம் பேருல்ல இருக்கு" என்றார். "நான் இங்க இருக்கேன். எம் பேருக்கு அங்க எதுக்குக் கபரு?"

"வெளிநாட்டுல அப்டித்தாங்க. அப்பா பேரத்தான் கூப்புடுவான்" என்றேன்.

"இதத்தான் தாள்லயும் போட்டிருந்துச்சு" என்றார் மும்தாஜ். "இதுல என்னண்ணே புதுசா இருக்கு? உலகத்துல அப்துல் ரஹ்மானா இல்ல?"

"பேர விடும்மா. கல்லப் பாரு."

வீடியோவைப் பின்னால் இழுத்து, நான் கையில் எடுத்த கல்லில் நிறுத்தினேன். கரி படிந்த பக்கம் பெரிதாகத் தெரிந்தது. அடுப்பைச் சொன்னேன், கோவிந்தன் சொன்னதைச் சொன்னேன்.

மும்தாஜ் எழுந்து வாசலுக்குப் போனார். முட்டுக் கொடுத்திருந்த கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து போனுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். திருப்பினார். அதிலும் ஒரு பக்கம் அதே கரி. கதவுப் பக்கம் திரும்பியிருந்ததால் முன்பு வந்தபோது நான் பார்க்கவில்லை.

வெகுநேரம் அந்தக் கரியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சுட்ட கல்லுல்ல அது" என்று மாமனார் மெல்ல ஆரம்பித்தார். ஜமீலா சொன்னதைச் சொன்னேன். பேயைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது. கையை முத்தமிட வேண்டாம் என்றவர், ஒரு வருஷம்கூட ஆளாதவர், ஜனங்களோடு படுத்திருக்கிறவர் என்று. கிழவர் கேட்டுக்கொண்டார். "நல்ல மனுசன் பக்கத்துலதான் கெடக்கான்" என்று மட்டும் சொன்னார்.

"மாமா, நான் இத்தா இருக்கப் போறேன்" என்றார் மும்தாஜ்.

"மவுத்தாகி மூணு வருசமாச்சும்மா. நாள் கணக்குப்படி இத்தாவெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. பள்ளிவாசல் ஹஜ்ரத்தக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவாரு."

"உங்க கணக்குக்கு முடிஞ்சிருக்கும் மாமா. எனக்கு அவரு இன்னைக்கித்தான் மவுத்து."

கல்லை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கிழவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"அண்ணே, சோறு ஆக்கிப்போடக்கூட இல்ல. இனிமே கொஞ்ச நாளைக்கி உங்க முன்னாடி வர மாட்டேன். மனசுல வச்சிக்காதீங்க."

"சரிம்மா. போயிட்டு வரேன்."

தெருவில் இறங்கினேன். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. எனக்குப் பின்னால் அந்த வீட்டுக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.